உச்சியில் நட்ட நாற்பது கன்று

ஏழாவது கன்றையும் மேட்டின் உச்சியில்தான் வைக்கிறார். வைக்கட்டும். நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. புங்கமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து, நேற்று வெட்டிப்போட்ட பூவரசங் கிளைகளிலிருந்து தழையை உருவி ஒரு பக்கமும் குச்சியை ஒரு பக்கமுமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் நிலத்தில் என் மரத்தடியில் நான் உட்கார்ந்திருப்பதை யாரும் ஏன் என்று கேட்க முடியாது. வடிகாலுக்கு அந்தப் பக்கம் ராசமாணிக்கம் மாமா குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அணைக்கிறார். மாமா என்று வாய்தான் சொல்கிறது. என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணன், பங்காளி, அதனால் மாமா. மனசுக்குள் வைத்திருக்கிற பேர் வேறு. அறுபத்தெட்டு வயசில் முட்டி மடங்க மாட்டேன் என்கிறது அவருக்கு, ஒரு கையை மேட்டில் ஊன்றித்தான் எழுந்திருக்கிறார். பாவமாக இருக்கிறதா என்று உள்ளே ஒருதரம் தேடிப் பார்த்தேன். இல்லை. நல்லதாய்ப் போயிற்று. எட்டாவது கன்றை எடுக்கிறார், பாலிதீன் பையைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறார், பக்குவமாக எடுத்து மறுபடியும் உச்சியில். எவ்வளவு நேராக வைக்கிறார், வகிடு எடுத்த மாதிரி. உப்பு எப்போதும் மேலே ஏறும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிய ஒரு வருஷமும் முந்நூறு கன்றும் ஆனது. மழை பெய்யும்போது உப்பு கீழே இறங்கிவிடும், போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். மழை விட்டதும் ஈரம் வெயிலைத் தேடி மேலே வரும், வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும், ஈரம் காற்றில் போய்விடும், உப்பு போக இடமில்லாமல் மேட்டின் உச்சியில் உட்கார்ந்துகொள்ளும். அங்கே வைத்த கன்று தை வரைக்கும் பச்சையாகச் சிரிக்கும். மாசியில் இலை ஓரம் கருகும். சித்திரையில் குச்சி. கன்றை உச்சியில் வைக்கக் கூடாது, சரிவில் வைக்க வேண்டும், பாதி உயரத்தில், வெயில் அதிகம் படாத பக்கமாக. அவ்வளவுதான் விஷயம். ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தை என் வாயில் இருக்கிறது, வெற்றிலையை அடக்கிக்கொள்கிற மாதிரி அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

சாலையிலிருந்து பார்த்தால் என் மரங்களும் உச்சியில் நிற்பது மாதிரிதான் தெரியும். ஏழெட்டு வருஷத்துச் சருகு சேர்ந்து சரிவெல்லாம் மூடிப்போய், மரம் எது மேடு எது என்று பிரிக்க முடியாது. அதைப் பார்த்துவிட்டு அப்படியே செய்திருக்கிறார், பக்கத்துப் பிள்ளையின் பரீட்சைத் தாளைப் பார்த்து எழுதும்போது அது அடித்துவிட்ட தப்பையும் சேர்த்து எழுதிய மாதிரி. மேட்டு உயரம் சரி, இரண்டு பக்கமும் பள்ளம் சரி, மரம்கூடச் சரி. காலையில் மொபெட்டில் கன்றுகளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கியதும் அங்கிருந்தே கேட்டார். "தையலு, இந்த ஒசரம் போதுமா?" "போதும் மாமா." "உகா, புங்கன், பூவரசு மூணும் வாங்கியாந்தேன். நாப்பது இருக்கு. நீ வச்சதும் இதானே?" "இதேதான் மாமா." "முன்னாடியே கேட்டுருக்கணும் ஒன்னய." "அதுக்கென்ன." கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், ஒன்றுகூடப் பொய் இல்லை. எங்கே வைக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்? அதுதான் காலையிலிருந்து இருக்கிற பயம். கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு தடவை அவர் நிமிரும்போதும் இதோ கேட்கப்போகிறார், இதோ இதோ என்று கை தழையிலேயே நின்றுவிடுகிறது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ளத்தான் நிமிர்கிறார். பதினொன்று.

மாமாவின் அந்த மூன்று ஏக்கரும் இறால் குளத்தைத் தூர்த்தபின் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. உப்பில் முளைக்கிற உமரிச் செடி மட்டும் சிவப்பாகப் படர்ந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே குளம் வெட்டினார்கள். வெளியூர்க்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டு, உப்பாற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டு இழுத்து இறால் வளர்த்தார்கள். வளர்க்கட்டும், அவர் நிலம். அழுக்குத் தண்ணீரை ஆற்றுக்கே திருப்பி அனுப்பக் குழாய் போட வேண்டும் என்று இருந்தது, அதைப் போடவில்லை, வடிகாலில் திறந்துவிட்டார்கள். வடிகால் எங்கள் வயலை ஒட்டி வருகிறது, ஐப்பசி மழையில் பொங்கி உள்ளே ஏறிவிட்டது. சம்பா தூர் கட்டுகிற நேரம். பத்து நாளில் பயிர் நுனியிலிருந்து சிவந்தது. பயிர் சிவப்பதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை, அழகாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு பிடி பயிரைப் பிடுங்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்குப் போனார், நான் பின்னாலேயே போனேன். வாசலில் ஏழெட்டுப் பேர், குத்தகைக்காரர்களும் மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்தவர்களும். பயிரைக் காட்டினார். "அண்ணே, தண்ணி பூரா உப்பாயிட்டுண்ணே. வாயில வச்சிப் பாருங்க." அதற்கு மாமா, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "அப்ப நல்லதுதான்டா சட்டநாதா, சோத்துக்கு உப்பு வாங்குற வேல மிச்சம் ஒனக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை, பெரிய மனுஷன் சொன்னால் வாசலில் நிற்கிறவன் சிரிக்கத்தான் செய்வான். என் வீட்டுக்காரரும் சிரித்தார். கையில் செத்த பயிரை வைத்துக்கொண்டு, பல் தெரியாமல், லேசாக. எதற்குச் சிரித்தார்? வழியெல்லாம் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை மறக்கவே முடியவில்லை என்னால். அவருடைய முகத்தை நினைத்தால் அந்தச் சிரிப்போடுதான் வருகிறது, கல்யாணத்தில் பார்த்த முகம் வரமாட்டேன் என்கிறது. அதையும் எடுத்துக்கொண்டார் இந்த மனுஷன். பதினாறு. பூவரசு. உச்சியில்.

அடுத்த வருஷம் விதைத்தோம், முளைக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் அடிபம்புத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. என் வீட்டுக்காரர் திருப்பூருக்குப் போனார், பனியன் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். வயல்காட்டிலேயே கிடந்த மனுஷனுக்கு நீலச் சட்டை. போனில் பேசும்போதெல்லாம் அங்க மழையா என்று மட்டும்தான் கேட்பார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சித்திரை மாதத்துப் பகலில் கேட்டருகே நின்றுகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். மாமாவும் வந்திருந்தார், மாலை போட்டார், பந்தலுக்கு ஆள் விட்டார், எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தார். நல்ல மனுஷர் என்று ஊர் சொன்னது. நான் அழுதுகொண்டே மாமா காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், குளத்துச் சேறு காய்ந்து கணுக்காலில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அந்த வெள்ளையைப் பார்த்தபோதுதான் முடிவு செய்தேன். நிலத்தை விற்றுவிட்டு மகள் வீட்டுக்கு வா என்று மாப்பிள்ளை கூப்பிட்டார். விற்றால் வாங்குகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். மரம் வைத்தேன். மண்ணைக் காப்பாற்ற வைத்தேன், ஊருக்கு நல்லது என்று வைத்தேன் என்றெல்லாம் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வேன், தாவணி போட்ட பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டீச்சரம்மா வந்தபோதும் அதைத்தான் சொன்னேன். பொய். நான் கோபத்தில் வைத்தேன். தினமும் காலையில் எழுந்து அந்த ஆள் என் பச்சையைப் பார்க்க வேண்டும் என்று வைத்தேன். முதல் வருஷம் வைத்த முந்நூறும் ஏறக்குறைய செத்தது, உச்சியில் வைத்ததால். எதனால் செத்தது என்று தெரியாமல் மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கினேன். அப்போது வடிகாலுக்கு அந்தப் பக்கம் நின்று இவர் பார்த்தார். ஏன் தையலு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால்கூட இன்றைக்கு நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. முந்நூற்றில் ஒன்று மட்டும் பிழைத்தது. கார்த்திகை மழையில் மேட்டின் ஒரு ஓரம் சரிந்து கன்றோடு பாதியில் வந்து நின்றுவிட்டது, அதை எடுத்து மறுபடி உச்சியில் வைக்க வேண்டும் என்று நினைத்து நினைத்துச் சோம்பலில் விட்டேன். அது சித்திரையில் துளிர்விட்டது. அந்தப் புங்கன்தான் இது, இப்போது முதுகைச் சாய்த்திருக்கிறேனே இதுதான். சறுக்கி என்று பேர் வைத்திருக்கிறேன் இதற்கு. ஒரு படிப்பாளியும் எனக்குச் சொல்லித்தரவில்லை, இது சொல்லித்தந்தது, இதைச் சும்மா எப்படித் தூக்கிக் கொடுப்பேன்?

இருபத்துமூன்று. வெயில் ஏறுகிறது. அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரராக இருந்தால் முதல் கன்றிலேயே கத்தியிருப்பார், அதுதான் என்னைத் தொந்தரவு பண்ணுகிறது. தப்பாக நட்டதைப் பார்த்தால் பொறுக்காது அவருக்கு. பேச்சுவார்த்தை இல்லாதவன் வயலாக இருந்தாலும் இறங்கி, நாற்றைப் பிடுங்கி ஆழமில்லாமல் மேலாக நட்டுக் காட்டிவிட்டு, பேசாமலே கரையேறி வருவார். ஏங்க, அவன் உங்களைப் போன மாசம்தான் அசிங்கமாப் பேசினான் என்றால், பயிர் என்ன பண்ணுச்சு என்பார். பயிர் என்ன பண்ணுச்சு. காலையிலிருந்து இது வேறு காதில் வந்து வந்து போகிறது. ஒன்றும் பண்ணவில்லைதான். நான் என்ன பண்ணினேன்? நீங்கள் என்ன பண்ணினீர்கள்? உங்களுடைய நியாயத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், சிரித்துவிட்டு வந்தவர்தானே நீங்கள். சேச்சே, செத்தவரை இப்படிப் பேசுகிறேன். முப்பது. இன்னொரு பயமும் இருக்கிறது, மழையில் அவருடைய மேடும் ஒரு இடத்தில் சரிந்து, ஒரு கன்று பாதியில் வந்து நின்று பிழைத்துக்கொண்டால்? அவரும் மண்ணில் உட்கார்ந்து யோசித்தால்? மாட்டார். யோசிக்கிற ஆள் இல்லை. சித்திரை வரட்டும். நாற்பதும் குச்சியாக நிற்கும், அவர் வந்து நிற்பார், நான் வடிகால் கரையில் போய் நின்று கேட்பேன். அந்த வார்த்தையைப் பன்னிரண்டு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். என்ன மாமா, சோத்துக்கு உப்பு வாங்குற வேல மிச்சமா? சிரித்துக்கொண்டு சொல்வதா, சிரிக்காமலா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. சிலநாள் சிரிக்காமல்தான் நல்லது என்று தோன்றும். சிலநாள், அவர் மாதிரியே உட்கார்ந்த இடத்திலிருந்து. முகம் எப்படி மாறும் என்று பார்த்துவிட வேண்டும், அதற்கப்புறம் எனக்கு எதுவும் வேண்டாம்.

முடிந்துவிட்டது. நாற்பதும் வரிசையாக நிற்கின்றன. காலிப் பையையெல்லாம் சுருட்டி எடுத்துக்கொண்டு, வடிகாலில் போட்டிருக்கிற பனந்துண்டு மேல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இந்தப் பக்கம் வருகிறார். "கொஞ்சம் தண்ணி குடு தையலு." அடிபம்பில் அடித்து ஊற்றுகிறேன், இரண்டு கையிலும் ஏந்திக் குடிக்கிறார், முகத்தில் இறைத்துக்கொள்கிறார். "அட, கரிக்கவே இல்லியே. ஒன் தண்ணி நல்லாயிட்டே." ஆமாம் மாமா என்கிறேன். என் மரங்களை அண்ணாந்து பார்க்கிறார், கடைசி மரம் வரைக்கும் பார்க்கிறார். "எங்கதும் இப்புடி வந்துரும்ல? பாத்தியா, சரியா வச்சிருக்கனா?" கேட்டுவிட்டார். அந்த இடத்தில் நான் சரியா இருக்கு மாமா என்று சொல்லியிருக்க வேண்டும், அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. சித்திரைக்கு வைத்திருந்தது ஐப்பசியிலேயே வந்துவிட்டது. "இல்லாட்டியும் என்ன மாமா, சோத்துக்கு உப்பு வாங்குற வேல மிச்சம் ஒங்களுக்கு." சொல்லிவிட்டு முகத்தையே பார்க்கிறேன். கண், வாய், புருவம். பன்னிரண்டு வருஷம்.

சிரிக்கிறார். வயிறு குலுங்க, ஈரக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்லா சொன்ன போ. உப்பு வாங்குற வேல மிச்சமாம். எங்கேருந்துதான் புடிப்பியோ ஒரு பேச்ச." விளையாடுகிறாரோ என்று பார்க்கிறேன். "நீங்க சொன்னதுதான் மாமா." "நானா? எப்ப?" "இவுரு பயிரப் புடுங்கிக்கிட்டு ஒங்க வாசலுக்கு வந்தாருல்ல, அன்னிக்கி." யோசிக்கிறார், நிஜமாகவே நெற்றியைச் சுருக்கி யோசிக்கிறார். "வந்தானா? எங்கிட்டயா?" நடிப்பில்லை. அவருக்கு நினைவில்லை. வாசல் இல்லை, நாற்காலி இல்லை, என் வீட்டுக்காரர் கையில் பயிர் இல்லை, அந்தச் சிரிப்பு இல்லை. நான் தினமும் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்ததை அவர் சொன்ன அன்றைக்கே கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அடிபம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்படியானால் சித்திரையில் என்ன நடக்கும்? நாற்பதும் காயும். மண்ணு ராசியில்ல என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார், போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். நான் வாயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது தெரியாது. எதற்காக உட்கார்ந்திருந்தேன் என்பதும் தெரியாது. காய்ந்தது நாற்பது கன்றாக மட்டும்தான் இருக்கும். தெரியாதவனிடம் என்ன பழி? இவருக்குத் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான், கன்று சாவதில்லை. இவ்வளவு நேரமும் தப்பான சாமானைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடிபம்பை விட்டுவிட்டுப் பனந்துண்டைத் தாண்டிப் போகிறேன். அவர் பின்னாலேயே வருகிறார், என்ன தையலு, என்ன. முதல் கன்று, உகா. தூரோடு மண் உதிராமல் தூக்கி வெளியே வைக்கிறேன். "இந்தா, என்னா பண்ற?" "நாப்பதும் சித்திரையில செத்துப்போவும் மாமா. உச்சியில வச்சா உப்பு அங்கதான் வந்து நிக்கும். சரிவுல வைக்கணும். நான் முன்னூறு குடுத்துப் படிச்சது இது." மேட்டையும் என் மரங்களையும் மாறிமாறிப் பார்க்கிறார். "காலையிலேருந்து அங்கதான ஒக்காந்துருந்த." "ஆமா." "பாத்துக்கிட்டா?" "ஆமா மாமா. தெரிஞ்சேதான் சொல்லல." இப்போது மாறுகிறது முகம். நான் நினைத்திருந்த மாதிரி இல்லை, தாடை மட்டும் கொஞ்சம் கீழே இறங்குகிறது. அது போதாது எனக்கு. "ஏன்னு கேளுங்க." மேட்டையே பார்க்கிறார். "கேக்காட்டியும் சொல்லுவேன். நாப்பதையும் நீங்கதான் எடுக்கணும், நீங்கதான் சரிவுல குழி போடணும், நான் தொட மாட்டேன். ஒரு கன்னுக்கு ஒண்ணு சொல்லுவேன், மண்ண அணைச்சு முடிக்கிற வரைக்கும் கேக்கணும். முடியாதுன்னா வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க, சித்திரையில வந்து பொறுக்கிக்கலாம்." மொபெட்டைப் பார்க்கிறார். போய்விடுவார் என்றுதான் நினைக்கிறேன். போனால் போகட்டும் என்றும், ஐயோ போய்விடக் கூடாதே என்றும் இரண்டும் சேர்ந்தே வருகிறது. அவர் கையை மேட்டில் ஊன்றி மெதுவாக முட்டி போடுகிறார்.

முதல் கன்றுக்குச் சம்பாவைச் சொல்கிறேன், அது சிவந்த நிறத்தை. இரண்டாவதுக்கு வேகாத பருப்பு. மூன்றாவதுக்கு வாசலும் நாற்காலியும், யார் யார் சிரித்தார்கள் என்று பேர் பேராக. நான்காவதுக்கு என் வீட்டுக்காரரின் கையில் இருந்த பயிர், அது எத்தனை தூர் என்றுகூட எனக்குத் தெரியும், சொல்கிறேன். "நான் அத" என்று ஒருதரம் ஆரம்பித்தார், "கன்னு சாயுது மாமா, நேரா வைங்க" என்றேன். ஆறாவது நீலச் சட்டை. ஏழாவது, முந்நூறு குச்சி பிடுங்கியபோது அந்தப் பக்கம் நின்ற கால். ஒன்பதில் எனக்குக் குரல் கம்மிவிட்டது, பத்தில் என்னத்தைச் சொன்னேன் என்று தெரியவில்லை, தீர்ந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, நாற்பதுக்கு வருமா என்னிடம், இவ்வளவுதானா மொத்தமும்? வரும். பயிர் என்ன பண்ணுச்சு என்று கேட்கிறவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும், நான் பயிரை ஒன்றும் பண்ணவில்லை. பன்னிரண்டாவதைச் சரிவில் வைத்து மண்ணை அணைத்துவிட்டு, அடுத்ததை எடுக்காமல் அப்படியே முட்டியில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறார். முகமெல்லாம் மண். நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆகிறது. பிறகு வரிசையின் கடைசியில் நிற்கிற புங்கங்கன்றைக் கையால் காட்டி, "அதானா சட்டநாதன் சாவு?" என்று கேட்கிறார். உச்சியில் நிற்கிறது அது, வெயிலில் இலை துவண்டு.

"அவரு கடைசியிலதான் வருவாரு மாமா. பதிமூணாவது எடுங்க" என்கிறேன்.